குடியை விடுவதற்கும் வைத்தியம் வேண்டும்

சம்பள நாள் மாலையில் நமது லயங்களில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கசிப்பாலும் சாராயத்தாலும் ஈரல் கெடுவதையும், குடும்பம் கடனில் விழுவதையும் பலமுறை பேசியிருக்கிறோம். இம்முறை பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். நீண்டகாலம் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தும்போதும் உயிருக்கு ஆபத்து வரலாம்.

எமது டிவிசன் ஒன்றில் கவ்வாத்து வெட்டும் ஒருவர். பதினைந்து வருடக் குடி. காலையில் ஒரு கிளாஸ் போடாவிட்டால் கத்தி பிடிக்க முடியாதபடி கை நடுங்கும். மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டி, "இனித் தொடமாட்டேன்" என்று சத்தியம் செய்து நிறுத்திவிட்டார். மறுநாள் வியர்வை, நடுக்கம், தூக்கமில்லை. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள், "செவுத்துல பூச்சி ஊருது" என்றார். பெற்ற மகளையே யாரென்று கேட்டார். "பேய் பிடிச்சிருச்சு" என்று வீட்டார் அவரைக் காம்பராவில் பூட்டிவிட்டு, கோடாங்கியைக் கூட்டிவரப் போனார்கள். நாங்கள் கேள்விப்பட்டு ஓடி, தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, பிழைத்தார்.

அது பேயுமல்ல, நடிப்புமல்ல. மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடும். மது திடீரென்று நின்றால், பிரேக் இல்லாத லொறி இறக்கத்தில் ஓடுவது போலாகும். கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கலாம். முதல் 2 நாட்களில் வலிப்பும், 2 முதல் 4 நாட்களில் மனக்குழப்பமும் வரலாம். எல்லோருக்கும் இப்படி வராது. காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் உள்ளவர்களே மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

"அப்படின்னா குடிச்சிக்கிட்டே இருக்கலாமா?" என்று கேட்கக்கூடாது. குடியை விடத்தான் வேண்டும். வைத்தியரிடம் காட்டி விட வேண்டும்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை:

1. நிறுத்துவதற்கு முன்பே தோட்ட மருந்து காம்பராவில் அல்லது அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். சில நாள் மருந்தும் விற்றமின் பி1உம் கொடுத்து இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கலாம்.

2. வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் இரும்பு கொடுப்பதில் பயனில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

3. குடியை மறக்கடிக்கும் மருந்தென்று யாராவது தரும் தூளைச் சோற்றில் ஒளித்துக் கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் உயிரே போகலாம்.

4. ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.

அந்தச் சகோதரர் அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் குடித்தார். மனைவி ஏசவில்லை, மறுநாளே எங்களிடம் கூட்டிவந்தார். திரும்பவும் வைத்தியம் நடந்தது. இப்போது சம்பள நாளில் மகளோடுதான் கடைக்குப் போகிறார். ஒருமுறை தவறியவரைக் கைவிட வேண்டாம். காப்புக் கட்டும் காலம் வருகிறது. உங்கள் வீட்டில் யாராவது சத்தியம் செய்ய நினைத்தால், முதலில் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.