‘ஏன்?’ என்று இன்னொரு முறை கேள்

அன்புள்ள தங்கைக்கு,

உளவியல் படித்துவிட்டு ஜெகதாப்பட்டினத்து மீனவப் பிள்ளைகளுக்கு ஆலோசகராகப் போகிறாய். லாரன்ஸ் கோல்பெர்க் சொன்ன ஒழுக்கச் சிந்தனை வளர்ச்சியின் ஆறு கட்டங்கள் உனக்கு மனப்பாடமாக இருக்கும். மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து வாங்கப் பணமில்லை, கணவன் திருடலாமா? இதைக் கேட்ட கோல்பெர்க், திருடலாமா கூடாதா என்ற முடிவுக்கு மதிப்பெண் போடவில்லை. அதற்குச் சொன்ன காரணத்தையே எடைபோட்டார். தண்டனைப் பயம் முதல் கட்டம், சொந்த லாபம் இரண்டாவது, நாலு பேர் மெச்ச வேண்டும் என்பது மூன்றாவது, சட்டம் ஒழுங்கு நான்காவது. எல்லோருக்கும் பொதுவான ஒப்பந்தமும் நீதியும் அதற்கு மேலே. அவர் அளந்தது காரணத்தை என்பதால், அதை வைத்து ஆளைத் தரம் பிரிக்காதே. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

நீ போகும் ஊரில் இதே மாதிரிக் கேள்வி கடலில் இருக்கிறது. இந்திய-இலங்கைக் கடல் எல்லையைத் தாண்டும் விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. அந்தப் படகுகள் இழுக்கும் இழுவை மடி வலையை அந்நாடு 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. “தாண்டலாமா?” என்று கேட்டால், “கூடாது, பிடிச்சிருவாங்க” என்று ஒரு பையன் சொல்லலாம். “ஏன், பிடிக்காவிட்டால் போகலாமா?” என்று தொடர்ந்தால், “அங்க உள்ளவங்க வலையை அறுத்தா அவங்க பொழப்பு என்னாகும்?” என்று அவனே சொல்லக்கூடும். முதல் பதிலோடு நோட்டை மூடினால் அவனை முதல் கட்டத்தில் தள்ளியிருப்பாய்.

கிராமத்தாரிடம் மேல்கட்டங்கள் கிடைக்கவில்லையே என்று நீ கேட்கலாம். 27 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளை 1985இல் தொகுத்த ஜான் ஸ்னேரியும் அப்படித்தான் கண்டார். ஆனால் கூட்டுவாழ்வைச் சார்ந்த நியாயங்களை கோல்பெர்க்கின் மதிப்பெண் கையேடு சரியாகப் பிடிக்கவில்லை என்றும் அவரே எழுதினார். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு என்ற பங்கீடு மோதல்களுக்குப் பிறகு வந்தது. “ஊர்க்கட்டுப்பாடு, மீறக்கூடாது” என்று ஒருவன் சொன்னால் அது மூன்றாம் கட்டமா? எளியவனுக்காக வலியவன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஒப்பந்தம் என்று புரிந்து சொன்னால் ஐந்தாம் கட்டத்தின் சாரம் அதில் இருக்கிறது. எது என்பது அடுத்த கேள்வியில்தான் தெரியும். அக்கறையும் நியாயமே என்று 1982இல் கரோல் கில்லிகன் வாதிட்டதையும், மீனவர் வீட்டுப் பெண்களிடம் பேசும்போது மறக்காதே.

நியாயம் பேசி என்ன பயன், படகை எங்கே விடுவது என்பதை முதலாளியும் கடனும் மீன்பாடும்தானே தீர்மானிக்கின்றன என்பது வலுவான மறுப்பு. உண்மைதான், அதனால் கூலிக்குப் போகிறவன் தலையில் பழியைச் சுமத்தாதே. ஆனால் வகுப்பில் தர்மசங்கடங்களைக் கூடி விவாதிக்கும் மாணவர்கள், தங்களுடையதைவிடச் சற்றே விரிந்த காரணத்தைக் கேட்டு முன்னேறுகிறார்கள் என்று மோஷே பிளாட்டும் கோல்பெர்க்கும் 1975இல் காட்டினார்கள். நாளைக்கு மீனவர் சங்கக் கூட்டத்தில் பேசப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான். ஒருவனை விசைப்படகுக்காரனாகவும், இன்னொருவனை யாழ்ப்பாணத்து மீனவனாகவும் பேசவிடு. பிறகு இடத்தை மாற்று. சொன்ன காரணத்தை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதிக்கொள். கட்ட எண்ணைக் கடைசியில் போடு. போடாமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அன்புடன்,
உன் துறையில் மூத்த ஒருவர்