குணாளனா, ஷியாமா: யார் வேகமானவர்?

தேக்கா உணவங்காடி நிலையத்தில் இப்படியொரு வாக்குவாதம் உங்கள் காதில் விழுந்திருக்கலாம்: "முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?" இருவரும் உச்சத்தில் இருந்த காலம் வேறு. குத்துச்சண்டையில் அளந்து பார்க்க வழியும் இல்லை. அதனால் வாக்குவாதம் முடிவதே இல்லை.

ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் இருக்கிறதே, அங்கே விடை எளிதா? நம் சிங்கப்பூர் வீரர்கள் இருவரை வைத்தே பார்ப்போம்.

உள்ளங்கை அகல வித்தியாசம்

1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்கில் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நிலைத்தது. 2001ல் யு.கே. ஷியாம் கோலாலம்பூரில் 10.37 விநாடியில் ஓடி அதை முறியடித்தார்.

வேகம் = தூரம் ÷ நேரம். குணாளனின் சராசரி வேகம் 100 ÷ 10.38, அதாவது விநாடிக்கு 9.63 மீட்டர். அந்த வேகத்தில் 0.01 விநாடியில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கை அகலம்தான்!

காற்று செய்த உதவி

மெக்சிகோ சிட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஓடுபவர் காற்றை விலக்கிக்கொண்டுதான் முன்னேற வேண்டும். அடர்த்தி குறைந்தால் காற்றுத்தடையும் குறையும். இதனால் 100 மீட்டரில் மிச்சமாகும் நேரம் 0.01 விநாடியைவிட அதிகம்.

"ஆக்சிஜனும் குறையுமே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நீண்ட ஓட்டங்களில் அது பெரிய பாதிப்பு. பத்து விநாடி ஓட்டத்திலோ, தசைகள் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமலேயே ஆற்றலைப் பெறுகின்றன.

அதே ஒலிம்பிக்கில் ஜிம் ஹைன்ஸ் ஓடிய 9.95 விநாடி, 1983 வரை உலகச் சாதனையாக இருந்தது. அதை முறியடித்த கேல்வின் ஸ்மித்தின் 9.93 விநாடியும் உயரமான ஊரில்தான், கொலராடோ ஸ்பிரிங்ஸில், பதிவானது.

அப்படியானால் ஷியாம்தான் வேகமானவரா?

அவசரப்படாதீர்கள். 33 ஆண்டுகளில் காலணி, பயிற்சிமுறை, விளையாட்டு மருத்துவம் எல்லாம் முன்னேறின. அவை ஷியாமுக்குச் சாதகம். நியாயமான சோதனையில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும். இங்கே பல மாறிகள் ஒன்றாக மாறிவிட்டன. சாதனை யாருடையது என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். யார் வேகமானவர் என்று சொல்ல 0.01 விநாடி போதாது.

2023ல் மார்க் பிரையன் லூயிஸ் தேசியச் சாதனையை 10.27 விநாடியாகக் குறைத்தார். இது ஷியாமைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னிலை. இங்கும் அதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

பள்ளித் திடலில் 50 மீட்டர் அளந்துகொள்ளுங்கள். ஒரே மாணவர், ஒரே நாளில், இரண்டு வகைக் காலணிகளை மாற்றி மாற்றி அணிந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை ஓடட்டும். இடையிடையே நன்றாக ஓய்வெடுக்க வேண்டும். சராசரிகளை ஒப்பிடுங்கள். ஒரே காலணியில் ஓடிய ஐந்து நேரங்களுக்குள்ளேயே அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கிறதா? இருந்தால், எந்தக் காலணி சிறந்தது என்று நீங்கள் இன்னும் சொல்ல முடியாது.