சோளகத்துக்கு முகம் கொடுக்காத குழாய்

மன்னாரில் உடுப்புக் காயவைக்க மெஷின் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் 30 நிற்கின்றன, கொடியில் போட்ட பெட்ஷீற் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும் என்பார்கள். காயும்தான். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் கிளப்பும் மணலும் கடல் உப்பும் அதில் சேர்ந்தே வரும். மடு ஆவணித் திருவிழாவுக்கு அறைகள் நிரம்பும் நாட்களில் காலையில் உருவிய விரிப்பை மாலைக்குள் திரும்ப விரிக்க வேண்டும். மாரி பிறந்தாலோ கொடியை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே மன்னார் டவுனிலும் தலைமன்னார்ப் பக்கமும் விடுதிக்காரர் காஸ் டிரையர் வாங்குகிறார்கள். பூட்டிக் கொடுப்பதும், பிறகு வந்து பார்ப்பதும் என் வேலை.

2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்ததிலிருந்து முதலாளிமார் எல்லோரும் சிலிண்டரைப் பற்றியே கேட்கிறார்கள். புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் அன்று தேநீர்க் கடைப் பேச்சாகவே இருந்தது. பயம் நல்லதுதான். ஆனால் நான் பார்த்த டிரையர்க் கோளாறுகளில் பெரும்பாலானவை சிலிண்டரில் தொடங்கவில்லை. சூடான காற்று வெளியே போகும் குழாயில் தொடங்கியவை.

காஸ் பக்கத்தை முதலில் சொல்லி முடிக்கிறேன். பழைய மெஷின் வாங்கினால் அதன் தகட்டைப் படியுங்கள். இயற்கை வாயு என்றிருந்தால் அப்படியே பூட்டக்கூடாது. இங்கே நமக்குக் கிடைப்பது எல்.பி. காஸ். இயற்கை வாயுவுக்கான ஜெட்டின் துளை பெரிது. அதில் எல்.பி. காஸ் போனால் சுவாலை மஞ்சளாகி, கரி பிடித்து, காபன் மொனொக்சைட் கிளம்பும். அந்த மாடலுக்குரிய ஜெட்டும் ஸ்பிரிங்கும் மாற்றியே ஆகவேண்டும். துளையை அடைத்துச் சின்னதாக்கித் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எல்.பி. டிரையர்கள் பெரும்பாலும் கேட்பது 11 அங்குல நீரழுத்தம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் விட்டு, ஒரு முனையைக் காஸ் லைனில் பூட்டினால், இரண்டு பக்கத்துக்கும் 28 சென்டிமீற்றர் வித்தியாசம் வரவேண்டும். எல்லா டிரையரும் குசினி அடுப்பும் ஒன்றாக எரியும்போது பாருங்கள். மெஷின் சும்மா நிற்கும்போது வரும் அளவு எதையும் சொல்லாது. 24 கிலோவாட் பர்னர் ஒன்று விடாமல் எரிந்தால் மணித்தியாலத்துக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். 37.5 கிலோ சிலிண்டர் ஒன்றை மட்டும் வைத்து இரண்டு மெஷின் ஓட்டினால் சிலிண்டர் குளிர்ந்து வேர்த்து, அழுத்தம் விழும்.

காஸ் குழாயைக் காற்றழுத்திச் சோதிக்கும்போது மெஷினின் வால்வைக் கழற்றி விலக்குங்கள், அது அவ்வளவு அழுத்தம் தாங்காது. கசிவு பார்க்கச் சவர்க்காரத் தண்ணீர் போதும், நெருப்புக்குச்சி ஒருபோதும் வேண்டாம். இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நிலத்தில் படுக்கும், கான் இருந்தால் அதற்குள் இறங்கும். அதனால் எச்சரிக்கைக் கருவியை நிலத்தோடு ஒட்டி வையுங்கள். மூக்கை நம்பவேண்டாம். சலவைத்தூள் வாசம் நிறைந்த அறையில் காஸ் மணம் லேசில் தெரியாது. உப்புக்காற்றில் ரெகுலேற்றரின் மூச்சுத்துளை துருப்பிடித்து அடைபடும், அதற்கொரு மறைப்பு வேண்டும்.

இனிக் காற்றுக்கு வருகிறேன்.

கரையோர விடுதி ஒன்றில் காலையில் நன்றாக ஓடும் மெஷின் மத்தியானத்துக்குப் பிறகு நெருப்புப் பிடிக்காமல் நின்றது. "தம்பி, காஸ் காணாது" என்று முதலாளி ரெகுலேற்றரைப் புதிதாக வாங்கி மாற்றியிருந்தார். மீண்டும் அதே கதை. வெளியே போய்ப் பார்த்தால் குழாய்வாய் நேரே தென்மேற்கே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மத்தியானம் சோளகம் ஏற ஏற, மெஷின் ஊதும் காற்றை அது திருப்பி உள்ளே தள்ளியது. காற்றோட்டம் குறைந்ததால் ஏர் சுவிட்ச் தன் வேலையைச் செய்து பர்னரை மறித்தது. மெஷினில் பழுதே இல்லை. இந்த இடத்தில்தான் சிலர் ஏர் சுவிட்சுக்கு நேர்வயர் கொடுத்து "சரி" பண்ணுவார்கள். அதைவிடப் பெரிய குற்றம் இந்தத் தொழிலில் இல்லை என்பேன். காற்றுப் போகாத டிரம்மில் நெருப்பு எரிந்தால் பஞ்சுத்தூசி பற்றும், எரிந்த புகை அறைக்குள் திரும்பும்.

நம் தீவில் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கு, மார்கழி தையில் வடகிழக்கு வாடை. இரண்டுக்கும் முகம் கொடுக்காதபடி குழாய்வாயை வடமேற்கு அல்லது தென்கிழக்குச் சுவரில் எடுங்கள். அப்படி இடம் இல்லாத கட்டடத்தில் வாய்க்கு முன்னால் சற்றுத் தள்ளி ஒரு மறைப்புச் சுவர் கட்டினேன், வேலை செய்கிறது. குழாய் வழவழப்பான தகரமாகவும் குறுகியதாகவும் இருக்கட்டும், வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். இணைப்புகளில் திருகாணி முனை உள்ளே நீட்டினால் பஞ்சு அதில்தான் முதலில் சிக்கும். காகம் புகும் என்று வாயில் வலை அடிக்கிறார்கள். ஒரு மாதத்தில் அது பஞ்சால் மெத்தையாகிவிடும். தானாகத் திறந்து மூடும் தகட்டு மூடியே போதும்.

வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளேயும் வரவேண்டும். மணல் வருகிறது என்று யன்னலை அடைத்துவிட்டு மெஷின் சூடாகவில்லை என்று கூப்பிடுகிறார்கள். காற்றுக்கு ஒதுங்கிய பக்கத்தில் எப்போதும் திறந்திருக்கும் துவாரம் ஒன்று விடுங்கள். பஞ்சுவலையைத் தினமும் துடைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அதில் படியும் மெழுகு போன்ற படலத்தை இடைக்கிடை சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும் என்பது சிலருக்கே தெரியும்.

எதைப் போடக்கூடாது என்பதையும் மெஷின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். காற்றுப்பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிறவர்களின் ரப்பர் உடை, டீசல் பட்ட வள்ளத்துணி இரண்டும் கூடாது. மசாஜ் எண்ணெய்த் துவாய் தோய்த்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. சூட்டோடு குவித்து வைத்தால் மணிக்கணக்கில் உள்ளே வெந்து தானாகவே பற்றும். கடைசிக் குளிர்காற்றுச் சுற்று முடியுமுன் மெஷினை நிறுத்தி உடுப்பை எடுப்பது ஆபத்து.

மெஷினோடு நாள் முழுக்க நிற்கும் அக்காவிடம் ஒரு கொப்பி கொடுத்துவிட்டு வருவது என் வழக்கம். முழு டிரம் துவாய் காய எத்தனை நிமிடம் என்று எழுதுவார். அது மெல்லமெல்லக் கூடினால் வெளிக்குழாயில் பஞ்சு. மத்தியானத்தில் மட்டும் கூடினால் காற்று. சடாரென்று கூடினால் அப்போது வேண்டுமானால் காஸைச் சந்தேகிக்கலாம்.