விண்டோஸ் உரிமம் இருவகை

கணிப்பொறி கொள்ளுங்கால் அதன் விலையை ஆராயும் நாம், அதனை இயக்கும் விண்டோஸின் உரிமம் எத்தன்மைத்து என வினவுவதில்லை. அவ்வுரிமம் பொறியுடன் நிறுவப்பெற்று வருவது, தனியே கடையிற் கொள்வது என இருவகைப்படும்.

முன்னையது விலை குறைந்தது. ஆயினும் அப்பொறி ஒன்றற்கே உரியது. 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தது முதல், பொறி செய்வோர் அதன் திறவெண்ணைப் பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதித்துவிடுகின்றனர். வேறு பொறி வாங்கின், அவ்வுரிமை நம்முடன் வாராது. துணை வேண்டின், பொறி செய்தாரையே நாடல் வேண்டும்.

பின்னையதைப் பழைய பொறியினின்று நீக்கிப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம்; அதற்குத் துணை புரிவது மைக்ரோசாப்டே.

ஆதலின், ஒரே பொறியைத் தேயுமளவும் ஆள்வார்க்கு முன்னையது சாலும். பொறி மாற்றுவார் பின்னையதைக் கொள்க. இதனை உணராக்கால், ஒரு பொருட்கே இருமுறை விலை கொடுப்போம்.