கடல் இட்ட வைப்பு: மட்டாஞ்சேரியிலிருந்து வைப்பின் தீவுக்கு ஒரு நாள் பயணம்

மட்டாஞ்சேரிக்கு வருவோர் பெரும்பாலும் மூன்றிடங்களைக் கண்டு நிறைவடைந்துவிடுகின்றனர். 1555-இல் போர்த்துக்கீசியர் கட்டி, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை ஒன்று. 1568-இல் எழுப்பப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் மற்றொன்று. மிளகும் சுக்கும் மணக்கும் கடைத்தெரு மூன்றாவது. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள கோட்டைக் கொச்சியின் கடற்கரைக்குச் சென்றால், கழிமுகத்திற்கு அப்பால் பசுமையாக ஒரு நிலம் தெரியும். அதுவே வைப்பின் தீவு. விடுமுறை நாள் ஒன்றை அத்தீவுக்கு ஒதுக்குமாறு இக்கட்டுரையில் நம் வாசகர்களை அழைக்கிறோம்.

பெயரில் உள்ள வரலாறு

‘வைப்பு’ என்ற சொல் நம் வங்கியின் வாடிக்கையாளர்களுக்குப் புதியதன்று. வைப்பு நிதி, நிலையான வைப்பு என்று நாள்தோறும் வழங்கும் சொல்லே அது. மலையாளத்திலும் அதற்கு அதே பொருள்தான். ஆறும் கடலும் கொண்டுவந்து வைத்த மண்ணால் உருவானமையால் இத்தீவு அப்பெயரைப் பெற்றது.

1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. அவ்வெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறைமுகம் மணலால் தூர்ந்தது. தெற்கே கொச்சியில் புதிய கழிமுகம் திறந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கரையில் மண் படிந்து நிலம் விரிந்தது. இந்நிகழ்ச்சியைத் தொடக்கமாகக் கொண்டு ‘புதுவைப்பு’ என்றொரு ஆண்டுக்கணக்கே இப்பகுதியில் வழங்கியது. நிலம் பிறந்த நாளிலிருந்து காலத்தை எண்ணிய மக்கள் இவர்கள்.

தீவின் நீளம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். வடமுனையில் முனம்பம், தென்முனையில் அழிமுகம். வரலாற்றில் துறைமுகம் வடக்கிலிருந்து தெற்குக்கு நகர்ந்தது. நம் பயணமும் அவ்வழியே அமையலாம். காலையில் கோட்டைக் கொச்சியிலிருந்து ஜங்காரில் கழிமுகத்தைக் கடந்து, பேருந்தேறி நேரே முனம்பம் சென்றுவிட வேண்டும். பின்னர் ஒவ்வோர் ஊராக இறங்கித் தெற்கு நோக்கித் திரும்பலாம்.

முனம்பமும் பள்ளிப்புறமும்

முனம்பத்தில் பெரியாற்றின் ஒரு கிளை கடலோடு கலக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். எதிர்க்கரையில் இருப்பது கொடுங்கல்லூர்ப் பகுதி. யவனர் கலங்கள் பொன்னுடன் வந்து மிளகு ஏற்றிச் சென்றதாகச் சங்கப் பாடல்கள் கூறும் முசிறித் துறை இக்கழிமுகத்தை ஒட்டியே இருந்தது. 2007 முதல் அகழாய்வு நடந்த பட்டணம் என்னும் ஊரும் இங்கிருந்து தொலைவிலில்லை. உரோம நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே ஏராளமாகக் கிடைத்துள்ளன.

முனம்பத்திற்குச் சற்றுத் தெற்கே, காயலோரத்தில், பள்ளிப்புறம் கோட்டை உள்ளது. அறுகோண வடிவில் அமைந்த சிறிய கட்டடம் இது. செம்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இதனைக் கட்டினர். இந்தியாவில் எஞ்சி நிற்கும் ஐரோப்பியக் கோட்டைகளுள் மிகப் பழைமையானது என்ற பெருமை இதற்கு உண்டு. கழிமுகத்தில் நுழையும் ஒவ்வொரு கலத்தையும் இங்கிருந்து கண்காணிக்க முடிந்தது.

1661-இல் கோட்டை டச்சுக்காரர் கைக்குச் சென்றது. 1789-இல் அவர்கள் இதனையும் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் திருவிதாங்கூர் அரசுக்கு விலைக்கு விற்றனர். தமக்குத் திறை செலுத்தும் கொச்சி நாட்டுக்கு உரிய இடங்களை டச்சுக்காரர் எவ்வாறு விற்கலாம் என்று திப்பு சுல்தான் எதிர்த்தார். அவ்வாண்டு இறுதியில் அவர் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியதே மூன்றாம் மைசூர்ப் போருக்கு வழிவகுத்தது. சொத்தை வாங்குமுன் விற்பவரின் உரிமையை ஆராய வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை!

செறாயி: கோயிலும் பந்தியும்

அடுத்த நிறுத்தம் செறாயி. இவ்வூரின் கடற்கரை புகழ்பெற்றது. சாலையின் ஒருபுறம் கடலும் மறுபுறம் காயல்நீர் நிறைந்த வயல்களுமாக விரியும் காட்சியை வேறிடங்களில் எளிதில் காண இயலாது. எனினும் ஊருக்குள் சென்று பார்க்க வேண்டியவை இரண்டு உள்ளன.

முதலாவது, ஸ்ரீ நாராயண குரு 1912-இல் பிரதிட்டை செய்த கௌரீசுவரர் கோயில். இங்கு முருகப்பெருமானே முதன்மைத் தெய்வம். ஆதலால் மக்கள் இதனை ‘மலையாளப் பழநி’ என்று போற்றுகின்றனர்.

இரண்டாவது, சகோதரன் அய்யப்பனின் நினைவில்லம். 1889-இல் இவ்வூரில் பிறந்த இவர், 1917 மே மாதத்தில் பல சாதியினரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் ‘மிச்ரபோஜனம்’ என்னும் சமபந்தியை இங்கு நடத்தினார். அன்று ஒடுக்கப்பட்டிருந்த புலையர் குல இளைஞர்களுடன் அமர்ந்து உண்டமைக்காக அவருடைய சமூகத்தாரே அவரை விலக்கிவைத்தனர். ‘புலையன் அய்யப்பன்’ என்று இழித்துரைத்தனர். அவரோ அப்பெயரைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் விளங்கினார். குழந்தைகளுடன் செல்வோர் கடற்கரைக்குப் போகுமுன் இங்கே அரைமணி நேரம் செலவிட்டு, ஒரு வேளைச் சோறு ஏன் அன்று அத்தனை பேரைச் சினங்கொள்ளச் செய்தது என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம்.

நெல்லும் இறாலும்

செறாயியிலிருந்து தெற்கே குழுப்பிள்ளி, எடவனக்காடு, நாயரம்பலம் ஆகிய ஊர்கள் உள்ளன. இவற்றின் கிழக்குப் பகுதியில் பொக்காளி வயல்களைக் காணலாம். உப்புநீர் புகும் நிலத்தில் விளையும் நெல் இது. சூன் மாத மழை வயலின் உப்பைக் கழுவிச் செல்லும். மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து, முளைகட்டிய விதையை அவற்றின்மீது இடுவர். நாற்று வளர்ந்ததும் மேட்டைக் கலைத்து வயலெங்கும் பரப்புவர். நீர் உயர உயரப் பயிரும் ஆளுயரத்தை எட்டும். அக்டோபர் வாக்கில் இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுத்தெடுப்பர்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயல் இறால் பண்ணையாக மாறும். ஏற்றத்தின்போது தூம்பைத் திறந்து கடல்நீரை உள்ளே விடுவர். அதனுடன் வரும் இறால் குஞ்சுகளுக்கு அழுகும் நெல்தாள் உணவாகும். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகும். உரமும் பூச்சிமருந்தும் தேவைப்படுவதில்லை. பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இந்நெல்லில் கண்டறியப்பட்ட உப்பைத் தாங்கும் மரபுக்கூறு, பிற நாடுகளின் நெல் வகைகளை மேம்படுத்தவும் பயன்பட்டு வருகிறது.

எனினும் வயல்கள் குறைந்து வருகின்றன. அறுவடைக்கு இயந்திரம் இறங்காது, ஆட்கள் கிடைப்பதில்லை, நெல்லைவிட இறால் மிகுதியான வருவாய் தருகிறது. ஆகவே பலர் ஆண்டு முழுவதும் உப்புநீரைத் தேக்கி இறால் மட்டும் வளர்க்கின்றனர். நெல் நின்றுபோனால் அந்தச் சுழற்சியும் நின்றுபோகும். முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்ந்த ஒரு முறை, முதலையே உண்ணும் முறையாக மாறுவதற்கு ஒப்பானது இது.

கடல் எடுக்கும் கரை

எடவனக்காட்டிலும் நாயரம்பலத்திலும் மேற்குப்பக்கம் சென்றால் மற்றொரு காட்சியைக் காணலாம். கடற்சுவரின் கற்கள் பல இடங்களில் சரிந்து கிடக்கின்றன. மழைக்காலத்தில் அலைகள் சாலையைத் தாண்டி வீடுகளுக்குள் புகுகின்றன. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எடவனக்காட்டில் உயிர்களையும் பறித்தது. கரையைக் காக்கும் வலுவான அரண் வேண்டுமென்று இவ்வூர் மக்கள் பலமுறை சாலையில் இறங்கிப் போராடியுள்ளனர்.

தென்கோடியிலுள்ள புதுவைப்பிலோ இதற்கு நேர்மாறாகக் கடல் பின்வாங்கி நிலம் சேர்ந்திருக்கிறது. அலையாத்திக் காடுகளும் வளர்ந்துள்ளன. ஒரே தீவில் கடல் ஓரிடத்தில் வரவு வைக்கிறது, மற்றோரிடத்தில் எடுத்துக்கொள்கிறது. மண்ணைக் கொண்டுவரும் ஆறுகளில் அணைகள் எழுந்தன, மணலும் அள்ளப்பட்டது. வரவு சுருங்கியது, கடலின் எடுப்போ ஓயவில்லை.

கலங்கரை விளக்கமும் திரும்பும் வழியும்

மாலையில் புதுவைப்புக் கலங்கரை விளக்கத்தை அடையலாம். 1839-இல் கோட்டைக் கொச்சியில் நிறுவப்பட்ட விளக்கு, 1979-இல் இங்கு இடம் மாறியது. ஏறத்தாழ 46 மீட்டர் உயரமுள்ள இக்கோபுரத்தின் உச்சியிலிருந்து நோக்கினால் தீவு முழுவதும் கடலுக்கும் காயலுக்கும் இடையே ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். காலையிலிருந்து கண்ட அனைத்தும் எவ்வளவு மெல்லிய நிலத்தின்மீது நிற்கின்றன என்பது அப்போது விளங்கும்.

பின்னர் 1605-இல் போர்த்துக்கீசியர் கட்டிய நன்னம்பிக்கை அன்னை தேவாலயத்தைக் கண்டு, சீனவலைகள் ஏறியிறங்கும் அழிமுகக் கரையில் கதிரவன் மறைவதைப் பார்த்துவிட்டு ஜங்காரில் திரும்பலாம். 2004-இல் கோசிரீ பாலங்கள் திறக்கப்படும் வரை, இங்குள்ள நோயாளியும் மாணவரும் எறணாகுளம் செல்லப் படகையே நம்பியிருந்தனர். 2023 முதல் நீர் மெட்ரோவும் இயங்குகிறது.

பயணக் குறிப்புகள்

• நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். பொக்காளிக் கதிரைக் காண விரும்புவோர் செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ செல்லலாம்.
• கலங்கரை விளக்கத்தில் பார்வையாளர் நேரம் குறுகியது, முன்னரே விசாரித்துக்கொள்க.
• மழைக்காலத்தில் கடலில் இறங்குவதைத் தவிர்க்க.
• பேருந்துக்கும் படகுக்கும் சில்லறை வைத்திருப்பது நல்லது. பிற செலவுகளுக்குக் கைபேசிவழிப் பணம் செலுத்தலாம்.
• உணவும் பொருள்களும் தீவிலேயே வாங்குக. வீடு திரும்புகையில் ஒரு கிலோ பொக்காளி அரிசி வாங்கினால், அடுத்த ஆண்டு விதைக்கலாமா என்று தயங்கும் உழவருக்கு அது சிறு துணையாகும்.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த வைப்பு இத்தீவு. அதன்மீது வாழ்வோர்க்கு வேறு கணக்கு இல்லை. இதனை நினைவிற்கொண்டு சென்று வருவோமாக.