கேபிள் எடுக்கவில்லையா? லேப்டாப்பைக் கடைக்குத் தூக்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில் என் வீட்டுக்கு ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். பையன் பாலிடெக்னிக் இறுதியாண்டு. பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) கேபிளைச் செருகினால் லேப்டாப் எடுக்கவில்லை. அதற்காக மூன்று முறை ஃபார்மேட் அடித்திருக்கிறார்கள். “கடைக்காரர் விண்டோஸையே மாத்தணும்னாரு சார். பேசாம புது லேப்டாப்பே வாங்கிடலாமான்னு பாக்கறேன்” என்றார் அப்பா. பையன் வாய் திறக்கவில்லை.

கேபிளைச் செருகி டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். போர்ட் வரிசையில் மஞ்சள் முக்கோணம். அதன் பக்கத்தில், கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி: பிஎல்2303எச்எக்ஸ்ஏ சிப் 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள். மூன்று ஃபார்மேட்டிலும் அந்த வரி அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஒருவரும் படிக்கவில்லை.

சிப்காட்டில் இருபது வருடமாகக் கன்ட்ரோல் பேனல்களோடு இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் வாரத்தைத் தொலைப்பது இந்த யுஎஸ்பி டிரைவரில்தான். வழி தெரியாததால் அல்ல. இருக்கும் வழிகளில் தவறானதை முதலில் எடுப்பதால்.

கேபிளைச் செருகியதும் ‘டிங்’ என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். சத்தமும் இல்லை, டிவைஸ் மேனேஜர் பட்டியலும் அசையவில்லை என்றால் டிரைவரைத் தேடாதீர்கள். வேறு போர்ட்டில் செருகுங்கள், வேறு ஒயரைப் போடுங்கள். போன் சார்ஜ் ஒயர்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிதான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது.

சத்தம் வருகிறது, மஞ்சள் குறியும் வருகிறது என்றால் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பிழை எண்ணைப் பாருங்கள். கோட் 28 என்றால் டிரைவர் இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கருவி கிளம்பவில்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. மூன்றும் மூன்று நோய். ஒரே மாத்திரை கிடையாது.

விண்டோஸ் அப்டேட் தானாகப் போடுவதும், சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் போடுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. பெரும்பாலான நேரம் அவையே போதும். நான் எச்சரிக்க வேண்டியது வேறொன்றை: ‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்’ என்று விற்கப்படும் மென்பொருள்கள். ஹாஸ்டலில் ஒருவன் போட்டால் மாடி முழுக்கப் பரவுகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் சொன்னார் என்று வருடச் சந்தா கட்டிக் கொடுக்கும் பெற்றோரும் உண்டு.

அந்த மென்பொருள் செய்வது இவ்வளவுதான். கருவியின் அடையாள எண்ணைப் படித்து, தன்னிடம் இருக்கும் ஆகப் புதிய டிரைவரைப் போடும். புதியதுதான் நல்லது என்று நம் பிள்ளைகளும் நம்புகிறார்கள். மேலே சொன்ன பழைய பிஎல்2303 சிப்பைத் தடுப்பதே புதிய டிரைவர்தான். அங்கே புதுப்பிக்கப் புதுப்பிக்கப் பூட்டு இறுகும். கேட்காமலே டச்பேட், வைஃபை, கிராஃபிக்ஸ் டிரைவர்களையும் மாற்றிவிடும். சிலவற்றில் கூடவே ஒரு பிரவுசரும் சோதனைக்கால ஆன்ட்டிவைரஸும் வந்து உட்காரும். எங்கள் லைனில் ஒரு மெஷின் லேப்டாப்பில் ஒரு பையன் இதைப் போட்டுவிட்டு, வைஃபை போன காரணத்தை இரவு ஒரு மணி வரை தேடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேபிள் பிரச்சினை அப்படியே இருந்தது.

இன்னொன்று, பிஎல்சிக்காரர்களின் டிரைவர் பல நேரம் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கும். மிட்சுபிஷியின் ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்2 மென்பொருள் போட்டிருந்தால், மெல்சாஃப்ட் ஃபோல்டருக்குள் ஈசிசாக்கெட், அதற்குள் யுஎஸ்பிடிரைவர்ஸ். ‘அப்டேட் டிரைவர்’ கொடுத்து, கம்ப்யூட்டரில் தேடு என்பதைத் தேர்ந்து, அந்த ஃபோல்டரைக் காட்டினால் வேலை முடிந்தது. இதற்கு இணையமே வேண்டாம்.

சிப் எது என்று தெரியாவிட்டால் பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடி. விஐடி 1ஏ86 என்றால் சிஎச்340 குடும்பம். 067பி என்றால் அந்தப் பிஎல்2303 செய்யும் புரோலிஃபிக். 0403 என்றால் எஃப்டிடிஐ. நான் எஃப்டிடிஐ பக்கம்தான், மறைக்கவில்லை. என் பையில் இருக்கும் கேபிள் பல வருடமாக என்னைக் கைவிட்டதில்லை. ஆனால் அதிலும் போலி உண்டு. 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியே வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிச் செயலிழக்க வைத்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே திரும்பப் பெற்றார்கள். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடு வரை போய் வாங்குகிறவர்கள், விலையை மட்டும் பார்க்காமல் என்ன சிப் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

புது லேப்டாப் வாங்கித் தரும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஏஆர்எம் புராசஸர் வைத்த மெல்லிய லேப்டாப்புகள் இப்போது கடைகளில் பளிச்சென்று இருக்கின்றன. சாதாரண மென்பொருள் பெரும்பாலும் அதில் ஓடிவிடும். ஆனால் இன்டெல் வகைக்கு எழுதிய டிரைவர் ஓடாது. பழைய பிஎல்சி கேபிள்களுக்கு ஏஆர்எம் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருக்கிறான் என்பது காரணம் ஆகாது.

பிள்ளைகளே, மெஷின் நின்றுவிட்டது என்று பதறாமல், திரையில் இருக்கும் வரியைக் கடைசி எழுத்து வரை படிக்கிறவனைத்தான் இந்தத் தொழில் தேடுகிறது. மதிப்பெண்ணில் அது தெரியாது. எந்தப் பையனுக்கு இந்தப் பொறுமை இருக்கிறதோ அவனை அப்பா அம்மா ‘ஐடிக்குப் போ’ என்று இழுக்க வேண்டாம். எவனுக்கு இல்லையோ அவனை மெயின்டனன்ஸுக்குத் தள்ளவும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். இருபது வயதில் பழகினால் கையோடு தங்கிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையனிடம் என் கேபிளைக் கொடுத்துச் செருகச் சொன்னேன். ‘டிங்’. டிவைஸ் மேனேஜரில் போர்ட் எண் காம் 5 என்று வந்தது. பையன் உடனே மென்பொருளைத் திறந்து கனெக்ட் கொடுத்தான், தோல்வி. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் பேசவில்லை. பையன் இந்த முறை திரையைப் படித்தான். “சார், இதுல இன்னும் காம் 1னு இருக்கு” என்றான். மாற்றினான். பச்சை விளக்கு எரிந்தது. மேசையில் கிடந்த வெள்ளை டேப்பில் ஒரு துண்டு கிழித்து, ‘காம் 5’ என்று எழுதி, அந்தக் கேபிள் செருகிய போர்ட்டின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான்.