மலைக்குப் பின்னால் சிக்னல் வருவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. மொபைல் போனை ஹாட்ஸ்பாட் ஆக்கி இண்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. ஆனால் இணையப் பக்கம் மட்டும் திறக்க மறுக்கிறது. மலைப்பகுதிகளில் கம்ப்யூட்டர் வாங்கும் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. குறை கம்ப்யூட்டரில் இல்லாமல், இடையில் நிற்கும் மலைமுகட்டில் இருக்கலாம். அது எப்படி என்று பார்ப்போமா?

அலை வளையுமா?

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். ஏறிய பின்னரும் தரை சமமாக இருப்பதில்லை. முகடும் பள்ளமுமாகவே இருக்கும். திருப்புலி நாட்டில் ஒரு வீடு முகட்டுக்கு இந்தப் பக்கமும், டவர் அந்தப் பக்கமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிக்னல் அறவே வரக்கூடாது அல்லவா? ஆனாலும் ஓரளவு வரும். சுவருக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாலும் குரல் கேட்பதைப் போல, முகட்டைக் கடக்கும் ரேடியோ அலையின் ஒரு சிறு பகுதி மறுபுறம் வளைந்து இறங்குகிறது. பள்ளிப் பாடத்தில் இதனை விளிம்பு விளைவு என்று படித்திருப்பீர்கள்.

கம்ப்யூட்டரே திணறும் கணக்கு

900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 செ.மீ. இதனைத் துல்லியமாகக் கணக்கிட, இடம் முழுவதையும் 3 செ.மீ. கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். 5 கி.மீ. நீளம், 1 கி.மீ. அகலம், அரை கி.மீ. உயரம் கொண்ட பகுதிக்கு 90 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கட்டங்கள் வரும். வீட்டுக் கம்ப்யூட்டரின் நினைவகம் இதற்குப் போதாது.

குறுக்கு வழி

மலையோ அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அப்போது அலை பெரும்பாலும் ஒளிக்கதிரைப் போலவே நடந்துகொள்ளும். எனவே இடம் முழுவதையும் கணக்கிடாமல், கதிர் பட்டுத் திரும்பும் இடம், வளையும் விளிம்பு ஆகிய சில புள்ளிகளை மட்டும் கணக்கிட்டால் போதும். இதற்கு அசிம்டாட்டிக் முறை என்று பெயர். அலைநீளம் குறையக் குறைய விடை உண்மையை நெருங்கும். விளிம்பில் வளையும் கதிர்களுக்கான கோட்பாட்டை ஜோசப் கெல்லர் 1962ல் விரிவாக வெளியிட்டார். நிழல் தொடங்கும் எல்லையில் மட்டும் அவரது சூத்திரம் முடிவிலி என்று விடை தந்தது. இக்குறையை 1974ல் கூயூம்ஜியனும் பிரபாகர் பதக்கும் சரிசெய்தனர்.

எண்களில் பார்ப்போம்

டவரிலிருந்து முகடு 4 கி.மீ., முகட்டிலிருந்து வீடு 1 கி.மீ. என்க. டவரையும் வீட்டையும் இணைக்கும் நேர்க்கோட்டைவிட முகடு 30 மீட்டர் உயரம். இதில் தடையின்றி வரும் சக்தியில், 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 130ல் ஒரு பங்கும், 2300 மெகாஹெர்ட்ஸில் 330ல் ஒரு பங்கும் மட்டுமே வீட்டை எட்டும். அதாவது, குறைந்த அதிர்வெண் அலை முகட்டை நன்றாகக் கடக்கிறது. போனை 5 மீட்டர் உயர்த்தினால் 130ல் ஒன்று என்பது 100ல் ஒன்றாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. இணைப்பு நன்றாகக் கிடைக்கும் இடத்தில் கூகுள் எர்த் புரோ சாப்ட்வேரை இலவசமாக டவுன்லோட் செய்திடவும்.

2. "ஆட் பாத்" கருவியைக் கிளிக் செய்து, டவரிலிருந்து உங்கள் வீடு வரை கோடு வரைந்து, பெயர் கொடுத்து ஓகே செய்திடவும்.

3. இடப்பக்கப் பட்டியலில் அந்தப் பெயரின் மீது ரைட் கிளிக் செய்து, "ஷோ எலிவேஷன் புரொபைல்" தேர்ந்தெடுக்கவும்.

வழியில் உள்ள மேடு பள்ளம் கீழே படமாகத் தோன்றும். இதில் தரையின் உயரம் மட்டுமே இருக்கும்; டவரின் உயரத்தை நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முகடு குறுக்கே நின்றால், 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸில் சேவை தரும் நிறுவனத்தின் சிம் உங்களுக்கு உதவும். முகட்டை ஒட்டிய பள்ளத்தைவிடச் சற்றுத் தள்ளிய மேட்டில் போனை வைத்துப் பாருங்கள். ஊருக்குப் புதிய டவர் கேட்டு மனு கொடுக்கும்போது இந்தப் படத்தையும் பிரிண்ட் எடுத்து இணையுங்கள். டவரை எங்கே வைத்தால் உங்கள் குடியிருப்பு அதன் பார்வையில் படும் என்பதை அது காட்டிவிடும்.